அட்ஜெக்டிவும் அதன் பின்னால் வரும் ப்ரிபொசிஷனும்

அன்புள்ள தங்கைக்கு,

அண்ணன் எழுதுவது. நான் நலம். அம்மா, அப்பா, நீ எல்லோரும் நலம்தானே? இங்கே வேலை பழகிவிட்டது, குளிரும் பழகிவிட்டது.

நீ புறப்படுவதற்கு முன் ஆங்கிலத்தில் எதைப் படிக்கலாம் என்று கேட்டிருந்தாய். பெரிய பெரிய வார்த்தைகளைத் தேடிப் போகாதே. உனக்கு ஏற்கெனவே தெரிந்த அட்ஜெக்டிவுக்கு, அதாவது 'குட்', 'ஆங்ரி' போல் தன்மையைச் சொல்லும் சொல்லுக்கு, பின்னால் எந்த ப்ரிபொசிஷன், அதாவது 'அட்', 'வித்' போன்ற சின்னச் சொல், வருகிறது என்று பார். இங்கே நாள் முழுக்கத் தேவைப்படுவது அதுதான்.

நாம் 'கணக்கில் கெட்டி' என்போம். இவர்களுக்கு அது 'குட் அட் மேத்ஸ்'. நமக்கு ஒருவர் மேல் கோபம் வரும். இவர்கள் 'ஆங்ரி வித்' என்பார்கள். நம் வேற்றுமை உருபை நம்பிப் போனால் பல இடங்களில் கைவிட்டுவிடும். 'அஃப்ரெய்ட் ஆஃப்', 'இன்ட்ரஸ்டட் இன்', 'ரெஸ்பான்ஸிபிள் ஃபார்' என்று இரண்டையும் சேர்த்தே மனதில் ஏற்று.

ஒரே அட்ஜெக்டிவ் ப்ரிபொசிஷனை மாற்றிக்கொள்ளும் இடம்தான் எனக்கு ரொம்பப் பிடித்தது. போன வாரம் சரக்கு தாமதமாக வந்தது. எங்கள் சூப்பர்வைசர் அம்மா, "ஐ ஆம் நாட் ஆங்ரி வித் யூ, ஐ ஆம் ஆங்ரி அபௌட் த டிலே" என்றார். கோபம் எங்கள் மேல் இல்லை, தாமதத்தின் மேல்தான் என்று தெரிந்ததும் எல்லோருக்கும் மூச்சு வந்தது. அதே மாதிரி, 'டயர்ட் ஃப்ரம் வொர்க்' என்றால் வேலை செய்த களைப்பு. 'டயர்ட் ஆஃப் வொர்க்' என்றால் வேலையே சலித்துவிட்டது. மேலதிகாரியிடம் பேசும்போது இதில் கவனமாக இரு.

அப்புறம், ப்ரிபொசிஷனுக்குப் பின் வினைச்சொல் வந்தால் 'இங்' சேரும்: 'இன்ட்ரஸ்டட் இன் லேர்னிங்'. 'டு' மட்டும் இரண்டு வேஷம் போடும். 'ஹேப்பி டு ஹெல்ப்' என்பதில் அது ப்ரிபொசிஷன் இல்லை, அதனால் 'ஹெல்ப்' அப்படியே நிற்கும். 'ஐ ஆம் யூஸ்ட் டு வொர்க்கிங்' (வேலை செய்து எனக்குப் பழக்கம்) என்பதில் ப்ரிபொசிஷன், அதனால்தான் 'வொர்க்கிங்'.

'சீனியர்', 'ஜூனியர்', 'சுப்பீரியர்' லத்தீனிலிருந்து வந்தவை. இவற்றுக்குப் பின் 'தன்' (than) வராது, 'டு'தான். 'டிஃபரண்ட்' என்ற சொல்லுக்குப் பின் பிரிட்டனில் 'டு'வும் அமெரிக்காவில் 'தன்'னும் காதில் விழும். நீ 'ஃப்ரம்' போடு, எங்கும் செல்லும்.

ஆங்கிலம் கற்பவர்களுக்கென்றே வரும் அகராதி ஒன்று வாங்கிக்கொள். அட்ஜெக்டிவுக்குப் பக்கத்திலேயே ப்ரிபொசிஷனையும் போட்டிருப்பார்கள். அடுத்த கடிதத்தில் உன்னைப் பற்றியே பத்து வாக்கியம் இப்படி எழுதி அனுப்பு, திருத்தி அனுப்புகிறேன்.

அன்புடன்,
அண்ணன்