குறைத்துக் கேட்காதே, பிரித்துக் கேள்

அன்புத் தோழிக்கு,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. பதில் தாமதமானதற்குக் கோபித்துக்கொள்ளாதே. கண் ஆபரேஷன் முடிந்து இப்போதுதான் எழுதப் படிக்க அனுமதி கிடைத்திருக்கிறது. மற்றபடி நலம். வரி கோணலாகப் போனால் கண்ணைத் திட்டு, என்னைத் திட்டாதே.

உன் மகளுக்குக் கல்யாணம் முடிவானதைப் படித்ததும் அவளை இடுப்பில் தூக்கிக்கொண்டு திரிந்த நாட்கள்தான் ஞாபகம் வந்தன. அப்புறம் கீழே உன் கணக்கைப் பார்த்தேன். நீங்கள் ஒதுக்கிய தொகையைவிட மூன்றில் ஒரு பங்கு கூடுதலாக நிற்கிறது. "நீதான் பேரத்தில் கெட்டிக்காரி, யாரிடம் எவ்வளவு அடிக்கலாம் சொல்" என்று கேட்டிருக்கிறாய். அந்தப் பட்டத்தை நான் என் மகள் கல்யாணத்தோடு திருப்பிக் கொடுத்துவிட்டேன் டி. ஏன் என்று சொல்கிறேன், கேள்.

எங்கள் போட்டோகிராபர் ஒரு தொகை சொன்னார். விடாமல் பேசினேன். நாலில் ஒரு பங்கு குறைத்துவிட்டுத்தான் எழுந்தேன். வீட்டில் அதைப் பத்து தடவை பெருமையாகச் சொல்லியிருப்பேன். கல்யாணத்தன்று அவர் சரியான நேரத்துக்கு வந்தார், ஒரு மணி நேரம் எடுத்தார், பிறகு உதவியாளர் கையில் கேமராவைக் கொடுத்துவிட்டு வேறொரு வேலைக்குப் போய்விட்டார். பாவம், அந்தப் பையன் தொழிலுக்குப் புதுசு. யார் வீட்டு மனிதர், யார் விருந்தாளி என்று அவனுக்கு எப்படித் தெரியும்? மேசை அலங்காரம் நாற்பது படங்களில் இருக்கிறது. என் அம்மா பேத்தியைக் கட்டிக்கொண்டு அழுதபடியே சிரித்தாள், அது ஒன்றில்கூட இல்லை. ஏமாற்றிவிட்டார் என்று நாலு பேரிடம் சொல்லித் திரிந்தேன். ஒரு நாள் ஒப்பந்தத் தாளை எடுத்துப் பார்த்தேன். யார் வந்து எடுப்பார், எத்தனை மணி நேரம் இருப்பார் என்று ஒரு வார்த்தை இல்லை. நான் பேசியதெல்லாம் தொகை, தொகை, தொகை. நான் பணத்தில் வெட்டியதை அவர் நேரத்தில் வெட்டிக்கொண்டார், அவ்வளவுதான்.

அதற்குப் பிறகுதான் எனக்கு ஒன்று புரிந்தது. "இன்னும் கொஞ்சம் குறையுங்கள்" என்று கேட்டால் அவர் எதைக் குறைப்பது என்பதை அவரே முடிவு செய்துகொள்வார். "எதை எடுத்துவிட்டால் எவ்வளவு குறையும்?" என்று கேட்டால் அந்த முடிவு உன் கையில் இருக்கும். போட்டோகிராபரையே எடுத்துக்கொள். கல்யாண நாளில் அவர் நிற்கிற நேரத்தைவிட, அதற்குப் பிறகு உட்கார்ந்து படங்களைத் தேர்ந்தெடுத்துத் திருத்துகிற நேரம் அதிகம். ஆல்பத்தை வெளியே கொடுத்து அச்சிடுவார், அது தனிச் செலவு. அதனால் ஆல்பத்தை இப்போது விட்டுவிடு. திருத்திய படங்கள் கோப்பாகக் கையில் இருந்தால் போதும், அடுத்த வருஷம் பணம் வரும்போது அச்சிட்டுக்கொள்ளலாம். ஆனால் அவர் பெயரும், வரும் நேரம், போகும் நேரமும் தாளில் எழுதப்பட்டிருக்க வேண்டும். அதில் மட்டும் விட்டுக்கொடுக்காதே.

ஒவ்வொருவருக்கும் செலவு எங்கே விழுகிறது என்று தெரிந்துகொண்டால் பேச்சு பாதி முடிந்த மாதிரி. மண்டபத்தை நினைத்துப் பார். கட்டடம் ஏற்கெனவே நிற்கிறது, காவலாளிக்குச் சம்பளம் எப்படியும் கொடுத்தாக வேண்டும். ஒரு நாள் காலியாகப் போனால் அந்த நாளை நாளைக்கு விற்க முடியாது. எல்லோரும் போட்டி போடுகிற நாளைக் கேட்டுக்கொண்டு போய் அங்கே பேரம் பேசுவது வீண், உனக்குப் பின்னால் இரண்டு பேர் காத்திருப்பார்கள். "இந்த இரண்டு மாதத்தில் உங்களுக்கு எந்த நாட்கள் இன்னும் போகவில்லை?" என்று கேள். வார நடுவில் ஒரு நாளோ, அரை நாள் வாடகையோ உங்களுக்குச் சரிப்பட்டால் அங்கே நிஜமாகவே இறங்கி வருவார்கள். தொகையில் இறங்க மனம் வராத மண்டபக்காரர்கூட முந்தின நாள் மாலையே அலங்கார வேலைக்குத் திறந்துவிடுவதற்கு ஒப்புக்கொள்வார். அவருக்கு அதில் பெரிய செலவு இல்லை. உனக்கோ அலங்காரக்காரரின் இரவு வேலைக் கூலி மிச்சம்.

மண்டபத்தில் இன்னொன்று. சொல்கிற வாடகை வேறு, கடைசியில் கட்டுகிற தொகை வேறு. மின்சாரம், ஜெனரேட்டர், சுத்தம் செய்வது, வண்டி நிறுத்துவது, நேரம் தாண்டினால் மணிக்கு இவ்வளவு, வெளி சமையல்காரரைக் கூட்டி வந்தால் அதற்கு ஒரு கட்டணம், அதற்கு மேல் வரி. எங்களுக்கு ஒரு மணி நேரத் தாமதத்துக்கே தனி பில் வந்தது. "கதவைப் பூட்டிச் சாவியைக் கொடுக்கும்போது என் கையிலிருந்து மொத்தம் எவ்வளவு போயிருக்கும்?" என்று கேட்டு, அந்த ஒரே எண்ணை எழுதி வாங்கு. மூன்று மண்டபத்தை ஒப்பிடுவதாக இருந்தால் அந்த எண்ணை வைத்துத்தான் ஒப்பிட வேண்டும்.

சமையல் அப்படி இல்லை. அங்கே பெரும்பாலும் பொருளும் ஆளும்தான் செலவு. ஆளுக்கு இவ்வளவு என்பதை நீ பிடித்து இழுத்தால் அவர் சரி என்றுதான் சொல்வார். அப்புறம் பொருளின் தரம் இறங்கும், இல்லையென்றால் பரிமாற ஆள் குறையும். இரண்டும் கல்யாணத்தன்றுதான் தெரியும், அன்றைக்கு ஒன்றும் செய்ய முடியாது. அங்கே வகைகளின் எண்ணிக்கையைக் குறை. பதினைந்து வகை வைத்து எல்லாவற்றையும் சுமாராகச் செய்வதைவிட ஒன்பது வகை நன்றாக இருப்பது மேல். மீதி ஆறு வகை இல்லையென்று யாருக்கும் ஞாபகம் இருக்காது.

குறைந்தபட்ச ஆள் கணக்கு என்று ஒன்று வைப்பார்கள், அதைக் கவனி. 400 பேருக்கு உறுதி சொல்லிவிட்டு 330 பேர் வந்தால், சாப்பிடாத 70 பேருக்கும் நீதான் பணம் கட்ட வேண்டும். 320 என்று உறுதி கொடு, அதற்கு மேல் 15 சதவீதம் வரை கூடினாலும் அதே விலை என்று எழுதி வாங்கு. கடைசி எண்ணிக்கையை எத்தனை நாளுக்கு முன்னால் சொல்ல வேண்டும் என்பதையும் சேர்த்துக் கேள். விலையில் ஒரு பைசா குறைக்காமலே நான் அதிகம் மிச்சம் பிடித்தது இந்த ஒரு வரியில்தான்.

அலங்காரத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன், உனக்கு என்னைவிட ரசனை அதிகம். துணி, சட்டம், விளக்கு எல்லாம் அவர் ஏற்கெனவே வாங்கிக் குடோனில் வைத்திருப்பவை. புதுப் பூவும், உனக்கென்று புதிதாகச் செய்வதும்தான் அவருக்குக் கைச்செலவு. படத்தைக் காட்டி "இது மாதிரி வேண்டும்" என்று கேட்டால் விலை ஏறும். "உங்களிடம் இருப்பதைக் காட்டுங்கள், அதிலிருந்து எடுத்துக்கொள்கிறேன்" என்றால் இறங்கும். முந்தின நாளோ மறுநாளோ அதே மண்டபத்தில் யாருக்காவது விசேஷம் இருக்கிறதா என்றும் விசாரித்துப் பார். இரண்டு வீடும் ஒரே அமைப்பைப் பகிர்ந்துகொண்டால் ஏற்றி இறக்குகிற கூலி பாதியாகிவிடும்.

பாட்டு, வண்டி, அழைப்பிதழ் இதிலெல்லாம் தலையை உடைத்துக்கொள்ளாதே. மொத்தக் கணக்கில் அவை சின்னவை.

யார் முதலில் எண்ணைச் சொல்வது என்று கேட்டிருந்தாய். உன் பட்ஜெட்டை முதலில் சொல்லாதே என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். அதில் விஷயம் இருக்கிறது. ட்வெர்ஸ்கி, கானமன் என்று இரண்டு உளவியல் அறிஞர்கள் 1974-இல் ஒரு சோதனையைப் பற்றி எழுதினார்கள். ஒரு சக்கரத்தைச் சுற்றிவிடுவார்கள், அது 10-இலோ 65-இலோ நிற்கும்படி ஏற்பாடு. பிறகு ஐக்கிய நாடுகள் சபையில் எத்தனை சதவீதம் ஆப்பிரிக்க நாடுகள் என்று கேட்பார்கள். 10 பார்த்தவர்களின் நடுத்தர விடை 25, 65 பார்த்தவர்களின் விடை 45. சக்கரத்துக்கும் கேள்விக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை, ஆனாலும் முதலில் கண்ட எண் மனசில் உட்கார்ந்துவிடுகிறது. கொட்டேஷனும் அப்படித்தான். முதல் ஆள் பெரிய தொகையைச் சொல்லிவிட்டால், அதில் பத்து சதவீதம் குறைந்ததும் உனக்கு வெற்றி மாதிரி இருக்கும். அதனால் எவரிடமும் போவதற்கு முன்னால், சமீபத்தில் கல்யாணம் செய்த இரண்டு மூன்று பேரிடம் நிஜமாகக் கட்டிய தொகையை விசாரித்து ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள். அங்கே உட்காரும்போது அந்தத் தாள்தான் உனக்குப் பிடிமானம்.

ஆனால் அலங்காரக்காரரிடம் மட்டும் நான் தொகையை மறைக்கவில்லை. "என்னிடம் இவ்வளவுதான் இருக்கிறது, இதற்குள் நீங்கள் நன்றாக எதைச் செய்வீர்கள்?" என்று நேராகக் கேட்டேன். வேலையில் பெருமை உள்ள மனிதர். பென்சிலை எடுத்து அவரே வரைய ஆரம்பித்துவிட்டார். ஆளைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

கல்யாணம் என்று சொல்லாமல் வெறும் குடும்ப விருந்து என்று சொன்னால் விலை குறையும் என்று உன் நாத்தனார் சொன்னாராமே. வேண்டாம். கல்யாணத்துக்கு ஆள் அதிகம் வேண்டும், நேரம் பிசகக் கூடாது. அதற்கும் சேர்த்துத்தான் விலை சொல்கிறார்கள். அன்று வந்து பார்த்து அவர்கள் முகம் மாறினால் உன் நிம்மதி போய்விடும்.

நாம் அவர்களுக்குக் கொடுக்கக்கூடியது பணம் மட்டும் இல்லை. சொன்ன நாளில் தவணை, அடிக்கடி மாறாத முடிவு, பேச ஒரே ஆள். இந்த மூன்றும் கிடைக்காமல்தான் அவர்கள் விலையைக் கூட்டி வைக்கிறார்கள். உன் வீட்டிலிருந்து நாலு பேர் நாலு விதமாகப் போன் செய்தால் அந்தத் தொல்லைக்கும் சேர்த்து விலை போடுவார்கள். நீ ஒருத்தி மட்டும் பேசு. உன் வீட்டுக்காரர் கூட வர வேண்டாம், "அவரைக் கேட்டுச் சொல்கிறேன்" என்று எழுந்து வர ஒரு சாக்கு வேண்டுமே.

பணத்தை மூன்றாகப் பிரித்துக் கொடு. கடைசிப் பங்கு, மொத்தத்தில் ஐந்தில் ஒரு பங்காவது, வேலை முடிந்த பிறகு. முழுப் பணத்தையும் முன்பே கட்டினால் தள்ளுபடி என்பார்கள், மயங்காதே. 2020-இல் எத்தனை கல்யாணங்கள் தள்ளிப்போயின, முன்பணத்துக்காக எத்தனை பேர் அலைந்தார்கள் என்று நமக்குத் தெரியும். தேதி மாறினால் முன்பணம் புதுத் தேதிக்குச் செல்லும் என்று ஒரு வரி சேர்க்கச் சொல். விலை குறைக்க மாட்டேன் என்பவர்கூட இந்த வரிக்குச் சம்மதிப்பார்.

இதையெல்லாம் செய்தாலும் உன் மூன்றில் ஒரு பங்கு முழுதாகக் குறையாது. உள்ளதைச் சொல்கிறேன். மீதி உன் விருந்தினர் பட்டியலில் இருக்கிறது. அது கடினமான பேரம், எதிரே உட்கார்ந்திருப்பவர் உன் மாமியார். நானும் கத்தரிக்கோலோடுதான் உட்கார்ந்தேன். அப்போது என் மருமகன் ஒரு ஆராய்ச்சியைச் சொன்னார். அமெரிக்காவில் எமரி பல்கலைக்கழகத்துப் பொருளாதார ஆசிரியர்கள் இருவர் 2014-இல் வெளியிட்டது. மணமானவர்கள் 3,000-க்கும் மேற்பட்டோரிடம் கேட்டார்களாம். கல்யாணத்துக்கு அதிகம் செலவழித்தவர்களின் மணவாழ்க்கை நீடிக்கவில்லை, நிறையப் பேர் வந்த கல்யாணங்கள் நீடித்தன என்கிற பக்கமாக அவர்கள் கணக்கு சாய்ந்ததாம். அதனால்தான் இது நடந்தது என்று அடித்துச் சொல்ல முடியாது, சும்மா ஒரு தொடர்புதான். ஆனாலும் அதைக் கேட்ட பிறகு பழைய அண்டை வீட்டாரைப் பட்டியலிலிருந்து அடிக்க எனக்குக் கை வரவில்லை. என் வீட்டுக்காரர் அலுவலகத்தில் பெயர்கூடச் சரியாகத் தெரியாத 40 பேரை அடித்தேன். மூன்று நாள் பேசவில்லை, அப்புறம் சரியாகிவிட்டார்.

வாங்கிய கொட்டேஷன்களையெல்லாம் போட்டோ எடுத்து அனுப்பு. கண் நன்றாகத் தெரிகிறது, பொடி எழுத்தில் போட்டிருக்கும் நிபந்தனைகளை நான் படித்துச் சொல்கிறேன். கல்யாணத்தன்று எனக்கு ஒரே ஒரு வேலை கொடு. உன் அம்மா பக்கத்தில் ஒரு நாற்காலி போடு. அங்கே உட்கார்ந்துகொண்டு, வேண்டிய நேரத்தில் போட்டோகிராபரைக் கைதட்டிக் கூப்பிடுகிறேன்.

என்றும் அன்புடன்,
உன் பழைய பெஞ்சுத் தோழி