சாயும் ரயில்: நண்பனுக்கு ஒரு கடிதம்

அன்பு நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. கண் அறுவை நல்லபடியாக முடிந்ததைப் படித்த பிறகுதான் எனக்கு நிம்மதி. சொட்டு மருந்து விடுவதில் மட்டும் சோம்பல் காட்டாதே.

புதுப் பாதை போடாமல், இருக்கிற பாதையிலேயே சாயும் ரயிலை இன்னும் வேகமாக ஓட்டினால் என்ன என்று கேட்டிருந்தாய். பணியில் சேர்ந்த புதிதில் நானும் அப்படித்தான் நம்பினேன். வளைவில் பெட்டி உள்பக்கம் சாய்ந்தால் பயணிக்குச் சுகம். தண்டவாளத்துக்கு அதனால் ஒரு சலுகையும் இல்லை. வேகம் 20 சதவீதம் கூடினால் வெளியே தள்ளும் விசை 44 சதவீதம் கூடுகிறது. அத்தனையையும் தாங்குவது தண்டவாளமும் சரளையும்தான். வெளித் தண்டவாளத்தை இன்னும் உயர்த்தலாமே என்பாய். அதே வளைவில் மெதுவாக ஊர்ந்து போகும் சரக்கு ரயிலின் பாரம் உள் தண்டவாளத்தில் இறங்கி அதைத் தேய்த்துவிடும். ஸ்வீடனில் 1990இல் வந்த எக்ஸ் 2000 வண்டியில் சக்கர அச்சுகளே வளைவுக்கு இசைந்து திரும்பும்படி போகியை, அதாவது பெட்டிக்கு அடியில் சக்கரங்களைத் தாங்கும் சட்டத்தை, செய்தார்கள். பாதையின் மேல் இரக்கம் வைத்த வடிவமைப்பு அது. எனக்கு மிகவும் பிடிக்கும்.

பிரிட்டனின் ஏபிடி என்ற சாயும் வண்டியை நினைத்தால் இன்றும் மனசு வலிக்கிறது. 1979 சோதனையில் மணிக்கு 261 கி.மீ. தொட்ட வண்டி! பக்கத்துப் பாதை வண்டியோடு உரசாமலிருக்கப் பெட்டியின் மேல்பகுதியைக்கூடக் குறுக்கியிருந்தார்கள். 1981 டிசம்பரில் பயணிகளை ஏற்றியதும் குளிரில் பிரேக் உறைந்தது, சாய்வுக் கருவி பழுதானது, பலருக்குக் குமட்டியது. சில நாட்களிலேயே நிறுத்திவிட்டார்கள். குமட்டலுக்குக் காரணம், சாய்வு அவ்வளவு கச்சிதமாக இருந்ததுதான். ஜன்னலில் நிலம் எழுந்து தாழ்கிறது, உடம்புக்கோ வளைவே தெரியவில்லை. கொஞ்சம் விசையை உணர விட்டால் தொல்லை குறையும் என்பது பிறகு புரிந்தது.

ஜப்பானில் 1973இல் ஓடிய 381 வரிசைப் பெட்டிகள் ஊசல்போலத் தாமாகச் சாய்ந்தன. வளைவுக்குள் நுழைந்த பிறகு தாமதமாக, சட்டென்று சாயும், அங்கேயும் குமட்டல். 1989இல் ஷிகோகு தீவுக்கு வந்த 2000 வரிசை, பாதையின் வளைவுகளை முன்கூட்டியே நினைவில் வைத்திருந்து, வளைவு வருமுன்னே மெல்லச் சாயத் தொடங்கியது.

வேகத்தைக் கூட்டினால் சிக்னலும் சேர்ந்து மாறவேண்டும். பிரிட்டனின் மேற்குக் கடற்கரைப் பாதையில் 225 கி.மீ. வேகத்துக்குச் செய்த பென்டோலினோ என்ற சாயும் ரயில், அதற்கேற்ற சிக்னல் வராததால் இன்றும் 200இல்தான் போகிறது.

நாம் சேர்ந்து அளந்த மலைப்பாதையின் குறிப்பேடு உன்னிடம் இருக்கிறதா? இருந்தால் வளைவுகளின் ஆரங்களை மட்டும் எழுதி அனுப்பு. கணக்குப் போட்டுப் பார்க்க ஆசையாக இருக்கிறது. கண் தேறிய பிறகு அனுப்பினால் போதும்.

அன்புடன்,
உன் பழைய அறைத் தோழன்