உகந்த நேரம்

ஆசிரியருக்கு,

வணக்கம். மாதாமாதம் உங்கள் நாளிதழில் ‘பௌர்ணமி கிரிவலம் வர உகந்த நேரம்’ என்று ஒரு பெட்டிச் செய்தி வருகிறது. அதைப் பார்த்துத்தான் வெளியூர்க்காரர்கள் திருவண்ணாமலைக்கு பஸ் ஏறுகிறார்கள். நல்லதுதான். ஆனால் அண்ணாமலையைச் சுற்ற மாதத்துக்கு ஒரு ராத்திரிதான் உண்டு என்று எல்லோரும் நம்ப ஆரம்பித்துவிட்டார்களோ என்று தோன்றுகிறது.

பாதை 14 கிலோமீட்டர். பௌர்ணமி ராத்திரியில் அங்கே யாரும் நடப்பதில்லை. பின்னால் வருபவர் தள்ள, முன்னால் போகிறவர் முதுகைப் பார்த்தபடி நகர்கிறோம். ஒலிபெருக்கி, கடைகள், காலில் மிதிபடும் அன்னதானத் தட்டுகள். இந்திர லிங்கம் தொடங்கி ஈசான்ய லிங்கம் வரை எட்டையும் கும்பிட்டு முடித்துவிடுகிறோம். மலையைப் பார்த்தோமா?

ஏதோ ஒரு புதன்கிழமை விடியற்காலையில் போய்ப் பாருங்கள். மயில் அகவுவது கேட்கும். வலப்பக்கம் மலை கூடவே வரும். நடக்க நடக்க உருவம் மாறும். கோயில் பக்கம் ஒற்றைச் சிகரமாக நிற்பது, அடி அண்ணாமலையைக் கடந்து குபேர லிங்கப் பக்கம் வரும்போது ஐந்து முகடுகளாக விரியும். இதற்கு மந்திரம் எதுவும் தெரிந்திருக்க வேண்டாம்.

நிறைமாத கர்ப்பிணி நடப்பதுபோல் மெதுவாக, வெறுங்காலோடு சுற்ற வேண்டும் என்பது பழைய முறை. மலையை ஒட்டிச் சித்தர்கள் வருவார்கள், அவர்களுக்கு வழிவிட வேண்டும் என்று சாலையின் இடப்பக்கமாகவே போவார்கள். சித்தர்கள் வருகிறார்களோ இல்லையோ, மலைக்கும் நமக்கும் நடுவே கூட்டம் இல்லாமல் இருந்தது. ரமணர் 1926 வாக்கில் நிறுத்தும்வரை சுற்றி வந்தவர். வழியில் தங்கித் தங்கி நாள்கணக்கில் சுற்றியதும் உண்டு. அவருக்கு என்ன அவசரம்!

இன்னொன்று. 2024 டிசம்பர் 1 அன்று, ஃபெஞ்சல் புயல் மழையில், இதே மலைச்சரிவு சரிந்து வ.உ.சி. நகரில் ஏழு பேர் இறந்தார்கள். மலையைப் பார்த்துக்கொண்டே நடக்கிறவர்களுக்குத்தான் சரிவில் வீடுகள் மேலே மேலே ஏறுவதும், கோடையில் புல் பற்றி எரிவதும் கண்ணில் படும். லட்சக்கணக்கில் கூடுகிற ராத்திரியில் அதெல்லாம் இருட்டு.

ஆகவே, அந்தப் பெட்டிச் செய்தியின் அடியில் ஒரு வரி சேர்க்க வேண்டுகிறேன்: ‘மற்ற நாட்களிலும் கிரிவலம் வரலாம்.’ இடம் போதவில்லை என்றால், நேரத்தில் நிமிடக் கணக்கைக் குறைத்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், போளூர்