ஞாயிறு மாலை 5 மணி: நெல் ஈரப்பதம், மக்களவையில் விவாதம் கேட்டு மனு

எல்லோருக்கும் வணக்கம். ஞாயிறு மாலை 5 மணிக்குப் பிள்ளையார் கோயில் மண்டபத்தில் கூடுகிறோம். நாடாளுமன்றக் குளிர்காலக் கூட்டத்தொடர் தொடங்குவதற்குள் மனு போய்ச் சேர வேண்டும்.

போன வாரம் கொள்முதல் நிலைய வாசலில் என் குவியலைப் பிரித்தேன். தார்ப்பாய்க்கு அடியில் கை வைத்தால் சூடு. அள்ளிப் பார்த்தால் வெள்ளையாக முளை விட்டிருந்தது. ஈரப்பதக் கருவியில் 21 சதவீதம் காட்டியது. கொள்முதலுக்கு வரம்பு 17 சதவீதம். குறுவை அறுப்பும் ஐப்பசி மழையும் ஒன்றாக வரும் ஊரில் 17-க்கு எங்கே காயவைப்பது?

இந்த வரம்பில் தளர்வு தருவது ஒன்றிய அரசு. ஒவ்வொரு வருடமும் கேட்டு, குழு வந்து பார்த்து, உத்தரவு வருவதற்குள் நெல் வீணாகிறது. அதனால் நிரந்தர வழி கேட்போம். உறுப்பினர்கள் அவசரப் பிரச்சினைகளை எழுப்பும் பூஜ்ய நேரத்தில் பேசினால் சில நிமிடங்களில் முடிந்துவிடும். மக்களவை விதி 193-இன்கீழ் குறுகிய கால விவாதம் கேட்கலாம். வாக்கெடுப்பு கிடையாது, ஆனால் அமைச்சர் பதில் சொல்லியாக வேண்டும். நோட்டீஸ் தரும் உறுப்பினருடன் இன்னும் இரண்டு உறுப்பினர்கள் கையெழுத்திட வேண்டும். தஞ்சாவூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை என்று நமக்கே மூன்று தொகுதிகள் இருக்கின்றன! மூவரையும் நேரில் பார்ப்போம். கட்சி பார்க்க வேண்டாம். அனுமதிப்பது சபாநாயகர் கையில். கேட்பது நம் கையில்.

அப்புறம், வருகிறவர்கள் கொள்முதல் ரசீது, திருப்பி அனுப்பிய தேதி, நனைந்த நெல்லின் படம் எல்லாம் கொண்டுவாருங்கள். குத்தகைக்காரர்கள் கட்டாயம் வரவேண்டும், அவர்கள் நஷ்டம் எந்தக் கணக்கிலும் ஏறுவதில்லை. வர முடியாதவர்கள் சனிக்கிழமைக்குள் இங்கேயே படம் அனுப்பிவிடுங்கள்.