செயலாளர் ஆண்டறிக்கை: ரிப்போர்ட்டைப் படிக்கக் கற்ற வருடம்

தலைவர் அவர்களுக்கும், பாலக்கோடு, பென்னாகரம், அரூர் பக்கமிருந்து பஸ் பிடித்து தருமபுரிக்கு வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம். மார்பகப் புற்றுநோய்க்குச் சிகிச்சை எடுத்தவர்களும் அவர்கள் வீட்டாரும் சேர்ந்து நடத்தும் நம் சங்கத்தின் இந்த வருட அறிக்கை இது.

மாதக் கூட்டம் பத்து நடந்தது. ஆடியில் ஒன்றும், அடைமழையில் ஒன்றும் நின்றுபோயின. வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார்.

ஒரு கூட்டத்தில் பாலக்கோட்டு அக்கா ஒருவர் பயாப்சி ரிப்போர்ட்டை மஞ்சப்பையிலிருந்து எடுத்து, "இதுல பாசிட்டிவ்னு போட்டிருக்கே, அப்போ நோய் இன்னும் பாக்கி இருக்குதா?" என்று கேட்டார். 'ஈஆர் பாசிட்டிவ், கேட்டா-3 பாசிட்டிவ்' என்று அதில் இருந்தது. எனக்குப் பதில் தெரியவில்லை. அந்த ராத்திரி அவர் தூங்கியிருக்க மாட்டார் என்ற நினைப்பு என்னை விடவில்லை. அதனால் அடுத்த மாதமே, கட்டியின் துண்டைச் சோதித்து இந்த ரிப்போர்ட்டை எழுதும் நோய்க்குறியியல் டாக்டர் ஒருவரை அழைத்தோம். இரண்டு மணி நேரம் பொறுமையாகச் சொல்லிக் கொடுத்தார்.

நம் உடம்பின் அநேகமாக எல்லாச் செல்லிலும் இருப்பது ஒரே மரபணுத் தொகுப்புதான். எந்த மரபணு எப்போது வேலை செய்ய வேண்டும் என்று தீர்மானிக்கச் சில புரதங்கள் இருக்கின்றன. ஏரி மதகில் நிற்கும் ஆள் எந்த வாய்க்காலுக்கு எப்போது தண்ணீர் விடுவது என்று பார்ப்பாரே, அந்த மாதிரி. கேட்டா-3 அப்படிப்பட்ட ஒன்று. பால் நாளத்தின் உட்புறச் செல்களை அந்த வேலையிலேயே நிறுத்தி வைப்பது அதுதான். அது குறைந்தால் செல் தன் வேலையை மறந்து, பக்கத்துச் செல்லோடு உள்ள பிடியை விட்டுப் பரவப் பார்க்கிறது. எலிகளில் கேட்டா-3-ஐத் திரும்பக் கொடுத்தபோது பரவல் குறைந்தது. அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோவில் ஜீனா வெர்ப் என்ற ஆராய்ச்சியாளரின் குழுவினர் 2013-ல் அதற்கு ஒரு காரணத்தைக் காட்டினார்கள்: இந்தப் புரதம் மைக்ரோ ஆர்என்ஏ-29பி என்ற சின்ன மூலக்கூறைக் கூட்டுகிறது, கட்டி தன்னைச் சுற்றியுள்ள இடத்தைப் பரவலுக்கு வசதியாக மாற்றும் மரபணுக்களை அந்த மூலக்கூறு அடக்குகிறது.

ஆக, ரிப்போர்ட்டில் கேட்டா-3 பாசிட்டிவ் என்றால், அந்தச் செல் மார்பகத்திலிருந்து வந்தது என்பதற்கான ஓர் அடையாளம். நோய் பாக்கி இருக்கிறது என்று அர்த்தமில்லை. அக்கா அன்று அழுதுவிட்டார், கூட இருந்த நாங்களும்தான்.

ஈஆர் என்பது எஸ்ட்ரோஜன் ஏற்பி, அதாவது எஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் வந்து உட்காரும் புரதம். அதுவும் மதகு திறக்கும் ஆள்தான், ஆனால் எஸ்ட்ரோஜன் வந்து உட்கார்ந்தால் வளர்ச்சி மரபணுக்களைத் திறந்துவிடுகிறது. டாமாக்சிபென் மாத்திரை அந்த இடத்தில் முந்திப் போய் உட்காருகிறது. உடம்பு தேறிவிட்டது என்று இரண்டு வருடத்தில் மாத்திரையை விட்ட மூன்று பேர் நம்மில் இருந்தார்கள். பொதுவாக 5 வருடம், சிலருக்கு 10 வருடம் வரை எடுக்கச் சொல்வது எதற்கென்று புரிந்த பிறகு மூவருமே டாக்டரைத் திரும்பப் பார்த்தார்கள். இந்த வருடத்தில் எனக்குப் பெரிய நிம்மதி அதுதான்.

பி53, பிராக்கா-1 என்ற இரண்டு மரபணுக்கள் பற்றியும் கேட்டோம். செல்லின் டிஎன்ஏ அடிபட்டால் பிரிவதை நிறுத்தி வைப்பது பி53. பிராக்கா-1 பழுது பார்ப்பது. அது 17-வது குரோமோசோமில் இருப்பதை 1990-ல் மேரி கிளேர் கிங் என்ற அமெரிக்க ஆராய்ச்சியாளர் காட்டினார். அதில் வரும் பிழை அப்பா வழியிலும் வரலாம். அம்மா வீட்டுச் சீக்கு என்று மருமகளைப் பேசுகிறவர்கள் இதைக் கேட்க வேண்டும்.

வருத்தமான செய்தி ஒன்று. வலி இல்லாத கட்டிக்கு நான்கு மாதம் களிம்பு மட்டும் போட்டுக்கொண்டிருந்த ஒரு சகோதரி தாமதமாக வந்து சேர்ந்தார். கீமோ நடக்கிறது. கூடப் போக இரண்டு பேர் முறை வைத்திருக்கிறோம், மூன்றாவது ஆள் தேவை.

அடுத்த கூட்டத்துக்கு எல்லோரும் ரிப்போர்ட்டின் ஜெராக்ஸ் கொண்டுவாருங்கள். அசலை வீட்டிலேயே பத்திரமாக வைத்துவிடுங்கள்.

இப்படிக்கு,
செயலாளர்