ரோமாபுரி அடிமையும் வர்ஜீனியா அடிமையும்

அன்புள்ள மலருக்கு,

இங்கே எல்லாரும் சௌக்கியம். அப்பாவின் முழங்கால் வலி இப்போது தேவலை. உன் ஆபீஸ்காரர் ஒருவர், "ரோமிலும்தான் அடிமைகள் இருந்தார்கள், அமெரிக்காவை மட்டும் ஏன் குறை சொல்கிறீர்கள்?" என்று கேட்டதாகச் சொன்னாயே. போனில் பேசினால் பாதியில் குக்கர் விசில் வந்துவிடும். அதனால் எழுதுகிறேன்.

அவர் சொன்னதில் பாதி நிஜம். ரோம் ஒன்றும் தர்ம சத்திரம் இல்லை. கி.பி. 61-ல் பெடானியஸ் செக்குண்டஸ் என்ற பெரிய அதிகாரியை அவர் அடிமை ஒருவனே கொன்றுவிட்டான். உடனே அந்த வீட்டு அடிமைகள் 400 பேரையும் கொல்ல வேண்டும் என்றது சட்டம். ஜனங்கள் திரண்டு எதிர்த்தும், சக்கரவர்த்தி நீரோ வழிநெடுகப் படையை நிறுத்திக் காரியத்தை முடித்தான். ஏதென்ஸில் இன்னும் கொடுமை. நிசியாஸ் என்ற தளபதி வெள்ளிச் சுரங்கத்துக்கு 1,000 அடிமைகளை வாடகைக்கு விட்டிருந்தான், தலைக்கு நாளுக்கு ஓர் ஓபோல் காசு. ஆள் குறைந்தால் குத்தகைக்காரன் வேறு ஆளைப் போட்டு எண்ணிக்கையைச் சரிக்கட்ட வேண்டும் என்பது பேச்சு. செத்தவனைப் பற்றி அந்தக் கணக்கில் அவ்வளவுதான்.

கொடுமையை மட்டும் வைத்து எடைபோட்டால் ரோமுக்கும் அமெரிக்காவுக்கும் பெரிய வித்தியாசம் கிடைக்காது. வித்தியாசம், யார் அடிமை, அவன் எதுவரை அடிமை என்பதில்தான்.

போரில் பிடிபட்டவன், கடற்கொள்ளையரிடம் சிக்கியவன், அடிமைக்குப் பிறந்தவன் என்று ரோமில் எல்லா ஊர்க்காரனும் அடிமையாக இருந்தான். ஆளைப் பார்த்துச் சொல்ல முடியாது. அடிமைகளுக்குத் தனி உடுப்பு கொடுக்கலாமா என்று ஒருமுறை செனட் என்ற ஆட்சி சபையில் பேச்சு எழுந்ததாம். நாம் எத்தனை பேர் என்று அடிமைகள் எண்ண ஆரம்பித்துவிட்டால் ஆபத்து என்று விட்டுவிட்டார்களாம். ரோமாபுரித் தத்துவஞானி செனெகா எழுதி வைத்திருக்கிறார். எனக்கு மிகவும் பிடித்த இடம் இது.

முறைப்படி விடுதலையானவன் ரோமக் குடிமகனும் ஆகலாம். கவிஞர் ஹொரேஸின் தகப்பனார் அப்படி விடுதலையானவர்தான். பிள்ளைக்கோ சக்கரவர்த்தி அகஸ்டஸ் வரை சிநேகம். இதை எசமான்களுடைய தயவு என்று நினைத்துவிடாதே. பலர் சிறுகச் சிறுகச் சேர்த்த காசைக் கொடுத்துத்தான் விடுதலை வாங்கினார்கள். அந்தக் காசில் எசமான் இன்னொருவனை வாங்கிக்கொள்ளலாம். ஆசை காட்டி வேலை வாங்கும் தந்திரம்தான் அது. சுரங்கத்தில் கிடந்தவனுக்கு அதுவும் எட்டவில்லை.

அமெரிக்காவில் உள்ள வர்ஜீனியாவில் அந்த வாசலையும் சட்டம் போட்டு அடைத்தார்கள். தாய் அடிமையென்றால் பிள்ளையும் அடிமை என்று 1662-ல் ஒரு சட்டம். ரோமிலும் இதே விதி உண்டு. வர்ஜீனியாவில் தகப்பன் வெள்ளைக்கார எசமானாகவே இருந்தாலும் பிள்ளை அவனுக்குச் சொத்துக் கணக்கு. ஞானஸ்நானம் வாங்கினாலும் விடுதலை இல்லை என்று 1667-ல் இன்னொன்று. 1806-லிருந்து விடுதலையானவர் 12 மாதத்துக்குள் மாகாணத்தை விட்டுப் போக வேண்டும், தங்கினால் மறுபடி அடிமை. பெண்டாட்டி பிள்ளைகள் பக்கத்துத் தோட்டத்தில் அடிமையாக இருந்தால் அவன் என்ன செய்வான், சொல்லு. கடைசியில் 1857-ல் ட்ரெட் ஸ்காட் என்ற அடிமை விடுதலை கேட்டுப் போட்ட வழக்கில், கறுப்பர் விடுதலையானவரே ஆனாலும் அமெரிக்கக் குடிமகன் ஆக முடியாது என்று உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது.

ஏன் இப்படி? மனிதரெல்லாம் சமம் என்று 1776-ல் சுதந்திரப் பிரகடனத்தில் ஊரறிய எழுதி வைத்தவர்கள் அமெரிக்கர்கள். அதே கையால் ஆளை விற்க வேண்டுமானால், விற்கப்படுகிறவன் பிறப்பிலேயே தாழ்ந்தவன் என்று நம்பித்தான் ஆக வேண்டும். ரோமாபுரிக்காரனுக்கு அந்தச் சங்கடமே இல்லை. தோற்றாய், மாட்டினாய், அவ்வளவுதான். பிறப்பை வைத்து ஆளை அளப்பது நமக்கு அந்நியமான சங்கதியா என்ன!

இன்னொன்று. உன் ஆபீஸ்காரர் பேசியது ரொம்பப் பழைய வாதம். தாமஸ் ட்யூ என்ற வர்ஜீனியாப் பேராசிரியர் 1832-லேயே கிரேக்கத்தையும் ரோமையும் காட்டித்தான் அடிமை முறைக்கு வக்காலத்து வாங்கினார். அதற்காக இந்தக் கடிதத்தைத் தூக்கிக்கொண்டு அவரிடம் சண்டைக்குப் போகாதே. அவர்தான் உன் மேனேஜர் என்று அப்பா சொல்கிறார்.

அன்புடன்,
அம்மா