சட்டக் கல்லூரியிலிருந்து நம் பார் (வழக்கறிஞர் சங்கம்) வரை: செயலாளரின் ஆண்டறிக்கை, 2024–25

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, மூத்த வழக்கறிஞர்களே, சங்க உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம்.

ஜூலை 2024 முதல் ஜூன் 2025 வரையிலான அறிக்கை இது. வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். நூலகத்துக்குப் புது அலமாரி வந்துவிட்டது. பெண் வழக்கறிஞர்கள் அறையின் கூரை ஒழுகலும் சரிசெய்யப்பட்டது. இவை போக, செயற்குழு ஆண்டு முழுக்கப் பேசியது சட்டக் கல்லூரி முடித்து நம்மிடம் வரும் ஜூனியர்களைப் பற்றித்தான்.

2024 ஜூலை 1 அன்று புதிய குற்றவியல் சட்டங்கள் நடைமுறைக்கு வந்தன. முன்ஜாமீன் மனு என்றாலே பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் பிரிவு 438 என்று கை பழகியவர்கள் இனி புதிய சட்டத்தின் பிரிவு 482 என்று எழுத வேண்டும். பழைய சட்டத்தில் 482 என்பது வழக்கை ரத்து செய்யக் கோரி உயர் நீதிமன்றம் போகும் பிரிவு. அது இப்போது 528. இந்தக் குழப்பத்தில் சீனியர்கள் பலர் ஜூனியரைக் கேட்டுத்தான் மனு எழுதினார்கள். நம் பயிலரங்கில் புதுப் பிரிவுகளை விளக்கியவர்களும் அண்மையில் வழக்கறிஞராகப் பதிவு செய்த பிள்ளைகளே. சங்கம் அவர்களுக்கு நன்றி சொல்கிறது.

சிவில் பக்கம் நிலைமை வேறு. கல்லூரியில் மாதிரி நீதிமன்றப் போட்டியில் பரிசு வாங்கிய ஒரு ஜூனியர் தாக்கல் செய்த பிராது, அதாவது வழக்குத் தொடுக்கும் மனு, வழக்கு எண் கிடைக்காமல் திரும்பத் திரும்ப ரிட்டர்ன் ஆனது. வாங்கிப் பார்த்தேன். சட்ட வாதம் அழகாக இருந்தது. ஆனால் செக்குபந்தியில், அதாவது சொத்தின் நான்கு எல்லை விவரத்தில், கிழக்கும் மேற்கும் மாறியிருந்தன. வழக்கு மூலம், அதாவது வழக்குக்குக் காரணமான நிகழ்வைச் சொல்லும் பத்தியில் தேதியே இல்லை. தடையாணைப் பரிகாரத்துக்கு, நீதிமன்றக் கட்டணம் கணக்கிடுவதற்கான மதிப்பைக் காட்டவில்லை. ஒரு சீனியர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தால் ஒரு மாலையில் முடிந்திருக்கும்.

"காலேஜில் என்னதான் சொல்லிக் கொடுக்கிறார்கள்?" என்று கேட்பது நமக்குச் சுலபம். பிராது, மனு எழுதும் வரைவுப் பயிற்சி அங்கே கட்டாயப் பாடம். வழக்கறிஞர் தொழிலையும் சட்டக் கல்வியையும் ஒழுங்குபடுத்தும் இந்திய பார் கவுன்சிலின் 2008 விதிகளின்படி மூன்றாண்டு மாணவர் 12 வாரமும், ஐந்தாண்டு மாணவர் 20 வாரமும் களப்பயிற்சி பெற வேண்டும். அந்த வாரங்களில் நம்மில் எத்தனை பேர் மாணவரை ஒரு வழக்குக் கட்டைப் பிரித்துப் படிக்க விட்டோம்? சான்றிதழில் கையெழுத்துப் போட்டதோடு சரி.

1961 வழக்கறிஞர்கள் சட்டத்தில் பதிவுக்கு முன் பயிற்சியும் தேர்வும் இருந்தன. 1973 திருத்தம் அவற்றை எடுத்துவிட்டது. பார் கவுன்சில் 1995இல் ஓராண்டுப் பயிற்சி விதி கொண்டுவந்தது. 1999இல் உச்ச நீதிமன்றம் அதையும் ரத்து செய்தது. 2011 முதல் வழக்கறிஞர்களுக்கு நடக்கும் அகில இந்தியத் தகுதித் தேர்வு அளந்து பார்க்கும், தொழில் பழக்காது. ஆக, கல்லூரி விட்ட இடத்திலிருந்து சொல்லித்தர சீனியரின் ஆபீஸை விட்டால் வேறு இடம் கிடையாது.

அப்புறம் பணம். பதிவுக் கட்டணம் சட்டத்தில் உள்ள 750 ரூபாயை, பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு 125 ரூபாயைத் தாண்டக் கூடாது என்று 2024 ஜூலை 30 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. குடும்பத்தில் முதல் ஆளாகச் சட்டம் படித்து வருபவருக்கு இது பெரிய ஆறுதல். சிவில் நீதிபதித் தேர்வுக்கு மூன்றாண்டு தொழில் அனுபவம் வேண்டும் என்று 2025 மே 20 அன்று அதே நீதிமன்றம் சொன்னது. வீட்டில் வசதி உள்ளவர் அந்த மூன்றாண்டைத் தாங்கிவிடுவார். பஸ் காசுக்கே யோசிக்கும் பிள்ளை எங்கே தாங்குவது? நாளை நீதிபதி இருக்கையில் யார் உட்காருவார் என்பதை இன்று நாம் ஜூனியருக்குக் கொடுக்கும் சம்பளமும் தீர்மானிக்கிறது.

சென்னை, மதுரை, கோவையில் மாதம் 20,000 ரூபாய், மற்ற ஊர்களில் 15,000 ரூபாய் ஜூனியருக்குத் தர வேண்டும் என்று 2024 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது. நம் ஊரில் பலர் இன்னும் அதை எட்டவில்லை. அந்தத் தொகைக்கு ஓராண்டுக்குள் எல்லோரும் வர வேண்டும், சனிக்கிழமை மாலை வரைவு வகுப்பைச் சீனியர்கள் முறை வைத்து நடத்த வேண்டும் என்ற இரண்டு தீர்மானங்களைச் செயற்குழு கொண்டுவந்திருக்கிறது. நகல் உங்கள் கையில் உள்ளது. விவாதத்துக்கு எடுத்துக்கொள்ளுமாறு தலைவரைக் கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்